வன்னிக் கடைகளில் ஆறுதலாக ஒரு காலைச் சாப்பாடு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வருகிறவர்கள், கொழும்பிலிருந்து மாற்றலாகி வருகிறவர்கள், ஏ9 வீதியால் யாழ்ப்பாணம் போகும் வழியில் பசிக்கு இறங்குகிறவர்கள் என்று மூன்று தரப்பும் ஏறக்குறைய ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். திரும்பத் திரும்பக் காதில் விழுந்தவற்றைக் கேட்டவர்களின் வாய்ப்பேச்சு மாறாமல் கீழே தொகுத்திருக்கிறோம். ‘கடை’ என்று இங்கே சொல்வது வவுனியா, மாங்குளம், கிளிநொச்சி, பரந்தன், புதுக்குடியிருப்பு, முல்லைத்தீவுப் பக்கங்களில் உள்ள சிறிய சாப்பாட்டுக் கடைகளையும், பெண்களே சமைத்து விற்கும் அம்மாச்சி உணவகங்களையும். விலைகளை எழுதவில்லை. தேங்காய் ஏறினால் இடியப்பமும் ஏறும். எழுதிய விலை ஒரு மாதம் தாங்காது.

இங்கயும் பிரன்ச் எண்டு ஒண்டு இருக்கோ?

சொல் இல்லை, வேளை இருக்கிறது. ‘பிரன்ச்’ என்ற சொல் 1895இல் இங்கிலாந்துச் சஞ்சிகை ஒன்றில், ஞாயிற்றுக்கிழமை பிந்தி எழும்புகிறவர்களுக்காகப் பரிந்து பேசிய கட்டுரையோடு புழக்கத்துக்கு வந்தது. வன்னியில் கதை தலைகீழ். வெறும் பிளேன்டீயைக் குடித்துவிட்டு ஐந்து மணிக்கே வயலுக்குப் போனவர், ஒன்பதரைக்குக் கால் கழுவிவிட்டு வந்து இருந்து சாப்பிடுகிற சாப்பாடு இது. ஆகவே கோப்பையில் வருவது கொறிக்கிற அளவாக இராது. மத்தியானச் சோறு இரண்டு மணிக்குத் தள்ளிப்போனாலும் தாங்க வேண்டும் என்ற கணக்கில்தான் பிட்டு வைப்பார்கள்.

எத்தனை மணிக்குப் போனா நல்லது?

ஒன்பதுக்கும் பத்துக்கும் இடையில். ஆறரையிலிருந்து எட்டரை வரை பள்ளிக்கூடம், கந்தோர், பஸ் என்று அவசரக்காரர் கூட்டம். பார்சல் கட்டுகிற கைக்கு உங்களைக் கவனிக்க நேரமிராது. பத்தரைக்குப் பிறகு சொதிச் (தேங்காய்ப்பால் குழம்பு) சட்டியின் அடி தெரியும். பதினொரு மணிக்கு அடுப்பில் மத்தியானக் கறி ஏறிவிடும். அதற்குப் பிறகு கேட்பது முழுக்க மிச்சந்தான்.

நேரத்தைவிட முக்கியமானது கேட்கிற கேள்வி. ‘என்ன இருக்கு?’ என்று கேட்டால் இருப்பதெல்லாம் ஒரே மூச்சில் ஒப்புவிக்கப்படும். ‘இப்ப இறக்கினது என்ன?’ என்று கேளுங்கள். இடியப்பம் இறக்கி ஒரு மணித்தியாலத்துக்குள் ஓரம் காயத் தொடங்கிவிடும். பிட்டு மூடி வைத்தால் இரண்டு மணித்தியாலம் நிற்கும். மீன் குழம்பு மட்டும் நேரம் போகப் போக ஊறி ருசிக்கும். ஆகவே பிந்திப் போனால் இடியப்பத்தை விட்டுப் பிட்டும் குழம்பும் எடுப்பதே புத்தி.

உள்ளுக்கப் போய் என்ன செய்யிறது? ஆரைக் கேக்கிறது?

சாதாரணக் கடையில் கையைக் கழுவிவிட்டு வெறுமையான கதிரையிலோ வாங்கிலோ இருந்தால் போதும், ஆள் வரும். மேசையைப் பகிர்ந்துகொள்வது வழக்கம். ஏற்கெனவே இருப்பவரிடம் ‘ஆக்கள் இருக்கினமோ?’ என்று ஒரு சொல் கேட்டுவிட்டு இருக்கலாம். பரிமாறுகிறவர் இளையவர் என்றால் ‘தம்பி’, மூத்தவர் என்றால் ‘அண்ணை’. பெண் என்றால் ‘தங்கச்சி’ அல்லது ‘அக்கா’. வயதானவரை ‘ஐயா’, ‘அம்மா’. கை தட்டிக் கூப்பிடுவதும் விரல் சொடுக்குவதும் கூடாது. கேட்டும் கேளாததுபோல் அடுத்த மேசைக்குப் போய்விடுவார்கள், அதில் பிழையுமில்லை.

அம்மாச்சி உணவகத்தில் முறை வேறு. தெற்கில் விவசாயத் திணைக்களத்தின் ‘ஹெல பொஜுன்’ கடைகள் இருப்பதுபோல வடக்கில் அம்மாச்சி. பெண்கள் தங்கள் தங்கள் அடுப்பில் செய்து, அங்கேயே விற்கிறார்கள். தோசை ஒருவரிடம், பிட்டு இன்னொருவரிடம், கஞ்சி மூன்றாமவரிடம் என்று இருக்கும். முதலில் ஒரு சுற்று நடந்து பார்த்துவிட்டு வாங்குங்கள். வாங்குகிற இடத்தில் காசைக் கொடுத்து, நீங்களே மேசைக்குக் கொண்டுபோய், முடிந்ததும் கோப்பையை எடுத்து வைக்க வேண்டும்.

நான் கேக்கவே இல்லை, தட்டு நிறைய வடையும் ரோல்ஸும் கொண்டுவந்து வைச்சிட்டுப் போயிட்டினம். எல்லாத்துக்கும் காசோ?

இல்லை. சாப்பிட்டதற்கு மட்டும். தேத்தண்ணி கேட்டாலே பல கடைகளில் ஒரு தட்டம் வடை, ரோல்ஸ், பற்றிஸ், வாய்ப்பன் மேசைக்கு வந்துவிடும். எழும்பும்போது தம்பி வந்து குறைந்ததை எண்ணி முதலாளிக்குக் குரல் கொடுப்பார். நீங்களும் எண்ணிக்கையை நினைவில் வைத்திருங்கள். தட்டம் வந்தபோது எத்தனை இருந்தது என்று பார்த்துவைப்பது மரியாதைக் குறைவு அல்ல.

இதில் ஒரு சங்கடம் உண்டு. நீங்கள் தொடாத வடை அடுத்த மேசைக்குப் போகும். உங்களிடம் வந்ததும் அப்படி வந்ததாக இருக்கலாம். அது பிடிக்காவிட்டால் தட்டத்தை வைக்கும்போதே ‘வேண்டாம் தம்பி, கண்ணாடி அலுமாரிக்குள்ள இருந்து ரெண்டு உளுந்து வடை மட்டும் தாங்கோ’ என்று சொல்லிவிடலாம். ஒன்றை விரலால் அமத்திப் பார்த்துவிட்டு வைக்கக் கூடாது. அமத்தினால் அது உங்களுடையது.

நான் சைவம். எதை நம்பிச் சாப்பிடலாம்?

‘சைவக் கடை’ என்று பலகை போட்ட இடத்தில் கேள்வி தேவையில்லை. மற்றக் கடைகளில் நான்கு இடத்தில் தடக்குப்படும். முதலாவது, சம்பல்: சிலர் மாசிக் கருவாடு போட்டு இடிப்பார்கள். ‘மாசி போட்டதோ?’ என்று கேட்டால் உண்மையைச் சொல்வார்கள். இரண்டாவது, சொதி: கடலோரப் பக்கம் சில நாட்களில் மீன் சொதிதான் இருக்கும். மூன்றாவது, ரோல்ஸ்: உள்ளே மரக்கறி என்றாலும், றஸ்க் தூள் ஒட்டுவதற்கு முட்டையில் தோய்த்திருப்பார்கள், சில கடைகள் மாவுக் கரைசலில் தோய்க்கும். முட்டையும் சாப்பிடாதவர் இதைத் தனியாகக் கேட்க வேண்டும். நான்காவது எண்ணெய்: மீன் ரோல்ஸ் பொரித்த தாச்சியிலேயே வடையும் பொரியும்.

வெளித்தோற்றத்தை வைத்து மீனா மரக்கறியா என்று கண்டுபிடிக்கும் வித்தை எதுவும் இல்லை. ஒரு கடையில் முக்கோண றொட்டி மரக்கறி என்றால் அடுத்த கடையில் அது மீனாக இருக்கும். வாய்ப்பனும் உளுந்து வடையும் ஓரளவு பாதுகாப்பு, எண்ணெயைப் பொறுத்துக்கொள்வதாக இருந்தால். வெள்ளிக்கிழமைகளில் பல கடைகள் முழுக்கச் சைவமாகவே சமைப்பதால் அன்று தொல்லை குறைவு.

ஒரு கடையில இடியப்பம் வெள்ளை, இன்னொரு கடையில சிவப்பு. எது அசல்?

இரண்டும் அசல், மா வேறு. சிவப்பு என்றால் சிவப்புப் பச்சையரிசியை ஊறவைத்து இடித்து வறுத்த மா. வெள்ளை பெரும்பாலும் கோதுமை மா. அதைத் துணியில் கட்டி அவித்து, கட்டி உடைத்து, அரித்து, பிறகு சுடுதண்ணீரில் குழைப்பார்கள். அவிக்காமல் குழைத்தால் உரலில் பிழிய வராது, பசையாகிவிடும். வெள்ளை அரிசி மாவிலும் வெள்ளை இடியப்பம் வரும், ஆனால் கடைகளில் அது குறைவு.

ஒரு இழையை இழுத்துப் பாருங்கள். கோதுமை என்றால் றப்பர்போல நீண்டுதான் அறும். அரிசி என்றால் பட்டென்று உடையும். ஆறியபின் கோதுமை இடியப்பம் சவ்வுபோல இறுகும், அரிசி இடியப்பம் உதிரும். கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு இந்தச் சோதனை போதாது. மா இரண்டையும் கலந்து குழைக்கிற கடைகளும் உண்டு. ‘தனி அரிசிமாவோ, கலந்ததோ?’ என்று வாயால் கேட்டுத்தான் எடுக்க வேண்டும்.

சீனி வருத்தக்காரருக்குக் குரக்கன் பிட்டு நல்லமாமே. அதை மட்டும் சாப்பிட்டாக் காணுமோ?

முதலில் அது எவ்வளவு குரக்கன் என்று பாருங்கள். தனிக் குரக்கன் மாவில் பிட்டுக் கொத்தினால் ஈரம் சற்றுக் கூடினாலே களியாகக் கட்டிபடும், குறைந்தால் தொண்டையில் விக்கும். அதனால் கடைகளில் மூன்றில் ஒரு பங்கோ பாதியோ கோதுமை மா அல்லது அரிசி மா கலப்பது சாதாரணம். நிறம் மண்ணிறமாக இருப்பதால் முழுக்கக் குரக்கன் என்று நினைத்துவிடக் கூடாது. அம்மாச்சியில் செய்கிற அம்மாவிடமே நேரே கேட்கலாம் என்பது ஒரு வசதி.

அளவுதான் மற்ற விஷயம். குரக்கனும் மாச்சத்துத்தான். ஒரு குழல் பிட்டை அரைக் குழலாக்கி, மிச்ச இடத்தைக் கத்தரிக்காய், வல்லாரைச் சம்பல், ஒரு அவித்த முட்டை என்று நிரப்புவது, இரண்டு குழல் குரக்கன் பிட்டைச் சாப்பிட்டுவிட்டு நிம்மதிப்படுவதைவிட மேல். மருந்து எடுக்கிறவர்கள் தங்கள் வைத்தியர் சொன்ன அளவையே பின்பற்ற வேண்டும்.

சொதி ஏன் ஒரு கடையில பால் மாதிரி, இன்னொரு கடையில திரைஞ்சு தண்ணி தனியா நிக்குது?

கடையின் தரத்தைக் காட்டிக்கொடுப்பது சொதிதான். நாலு பேருக்கு ஒரு தேங்காய் என்று வையுங்கள். முதற்பால் அரைக் கோப்பை அளவில் தனியே. மிச்சப் பூவைத் திரும்பப் பிழிந்த இரண்டாம், மூன்றாம் பால் இரண்டு கோப்பை அளவில். இந்தத் தண்ணிப் பாலில் பத்துச் சின்ன வெங்காயம், நாலைந்து பச்சை மிளகாய், அரைத் தேக்கரண்டி வெந்தயம், கொஞ்ச மஞ்சள், கறிவேப்பிலை, உப்பு எல்லாம் போட்டு வெங்காயம் வதங்கும்வரை கொதிக்க விடலாம். இது கொதித்தால் குற்றமில்லை. பிறகு நெருப்பைக் குறைத்து முதற்பாலை விட்டு, அகப்பையால் அள்ளி அள்ளி ஊற்றியபடி நிற்க வேண்டும். சட்டியின் ஓரத்தில் சின்னக் குமிழி வரத் தொடங்கியதும் இறக்கிவிட வேண்டும். சூடு சற்றுத் தணிந்த பிறகே தேசிக்காய்ப் புளி.

திரைவதற்குக் காரணம் இரண்டு. முதற்பால் விட்டபின் கொதிக்க விடுவது ஒன்று, அடுப்பில் இருக்கும்போதே புளி விடுவது மற்றது. கடைகளில் மூன்றாவதும் சேரும்: ஆறரைக்கு வைத்த சொதியைப் பத்து மணி வரை திரும்பத் திரும்பச் சூடாக்குவது. கெட்டிக்காரக் கடைகளில் தண்ணிப்பால் சட்டி தணலில் ஒரு பக்கம் நிற்கும், தேவைக்கேற்பச் சின்னச் சட்டியில் எடுத்து முதற்பால் சேர்ப்பார்கள். அப்படிச் செய்கிற கடையில் பத்து மணிக்கும் சொதி புதுசாக இருக்கும்.

எந்த நேரம் போனாலும் துளிகூடத் திரையாமல், லேசான இனிப்போடு இருந்தால் அது பெரும்பாலும் தேங்காய்ப்பால் மாவில் வைத்தது. திரையாமல் இருக்க அதில் பாற்புரதமும் மாப்பொருளும் சேர்க்கப்பட்டிருக்கும். கெடுதல் என்பதற்கில்லை, 2024 கடைசியிலும் 2025இலும் தேங்காய் விலை ஏறியபோது கடைக்காரருக்கு வேறு வழியும் தெரியவில்லை. ஆனால் பால் உணவு ஒத்துக்கொள்ளாதவர்கள் கேட்டுக்கொள்ள வேண்டும்.

சம்பல் பழசோ புதுசோ எண்டு சாப்பிடாமலே கண்டுபிடிக்கலாமோ?

பெரும்பாலும் முடியும். புதுச் சம்பல் உதிரியாக, ஈரப் பளபளப்போடு இருக்கும். பழசு அமத்தி வைத்ததுபோலச் சேர்ந்து நிற்கும், விளிம்பில் நிறம் மங்கியிருக்கும். கரண்டியால் தூக்கும்போது நூல்போல ஏதாவது இழுபட்டால் தொடவே வேண்டாம். துருவிய தேங்காய்ப்பூ வன்னி வெயிலில் நாலைந்து மணித்தியாலத்துக்கு மேல் நிற்காது. பச்சை வெங்காயம் சேர்த்தால் இன்னும் குறைவு. காலையில் இடித்த சம்பலைக் காலையில் சாப்பிடுவதோடு முடித்துக்கொள்ளுங்கள். பார்சலில் மிஞ்சியதை இரவுக்கு வைப்பதானால் உடனே குளிர்சாதனப் பெட்டிக்குள் போக வேண்டும்.

சொதியும் சம்பலும் திருப்பிக் கேட்டாக் காசு கூடுமோ?

பெரும்பாலான கடைகளில் இடியப்பத்துக்கும் பிட்டுக்கும் சொதி, சம்பல் சேர்ந்த விலைதான். ஒருமுறை திரும்பக் கேட்டால் முகம் சுளிக்காமல் விடுவார்கள். மீன், முட்டை, இறைச்சி தனிக் கணக்கு. சின்னக் கோப்பையில் தானாக வந்து நிற்கிற மீன் துண்டுக்கும் கணக்கு உண்டு. வடைத் தட்டத்துக்குச் சொன்ன அதே விதிதான், தொடாவிட்டால் காசில்லை.

குழம்பில என்ன மீன் எண்டு கேட்டா ‘யப்பான் மீன்’ எண்டினம். அது என்ன மீன்?

திலாப்பியா. இரணைமடு உட்பட வன்னிக் குளங்களில் பிடிபடும் மீன் பெரும்பாலும் அதுதான். முள்ளு பெரிதாக இருப்பதால் பிள்ளைகளுக்கும் கொடுக்கலாம். தண்ணீர் வற்றுகிற மாதங்களில் சேற்று மணம் அடிக்கும். அதைப் போக்க உப்பும் தேசிக்காயும் போட்டு அலசி, குழம்புக்குப் பழப்புளியைச் சற்றுக் கூட்டி விடுவார்கள். அந்தப் புளிப்பே பிட்டுக்குப் பொருத்தமாகிவிட்டது.

கடல் மீன் வேண்டுமென்றால் முல்லைத்தீவுப் பக்கம் போகப் போகத் தெரிவு கூடும்: பாரை, விளைமீன், சூடை, திருக்கை, நந்திக்கடல் இறால். காலையில் கிடைக்கிற குழம்பு பொதுவாக முதல்நாள் பின்னேரம் வைத்தது. மண்சட்டியில் வைத்து, இரவே ஒருமுறை நன்றாகக் கொதிக்க விட்டு, காலையில் மறுபடி கொதித்திருந்தால் அது குறை அல்ல. மேலே சொன்னதுபோல ஊறியதுதான் ருசி. தேங்காய்ப்பால் கூட விட்ட குழம்பு மட்டும் அப்படித் தாங்காது.

பிளேன்டீ கேட்டாப் பாகு மாதிரி இனிக்குது. குறைக்கச் சொன்னாலும் குறையுதில்லை.

சொல்லும் நேரம் பிந்திவிடுகிறது. பல கடைகளில் கோப்பையின் அடியில் சீனி முதலே போட்டு வரிசையாக வைத்திருப்பார்கள். தேத்தண்ணி கேட்கிற அதே வாக்கியத்தில் ‘சீனி தனிய’ என்று சொல்லுங்கள். ‘சீனி குறைய’ என்றால் இரண்டு கரண்டி ஒன்றரையாகும், அவ்வளவுதான். பனங்கட்டித் துண்டைக் கேட்டு வாங்கிக் கடித்துக்கொண்டு சீனியில்லாத இஞ்சிப் பிளேன்டீ குடிப்பது இந்தப் பக்கத்துப் பழைய பழக்கம். பால் தேத்தண்ணி என்றால் மாப்பால். பசும்பால் வேண்டுமானால் அதைச் சொல்லிக் கேட்க வேண்டும்.

தேத்தண்ணி கறுப்பாக, மேலே மெல்லிய ஆடை படிந்ததுபோல வந்தால் தேயிலையைக் குறை சொல்ல வேண்டாம். கிணற்றுத் தண்ணீரின் கடினத்தன்மை அப்படிச் செய்யும்.

கடைத் தண்ணி குடிக்கலாமோ?

மேசையில் சாடியில் இருப்பது எந்தத் தண்ணீர் என்று கேளுங்கள். வன்னியின் பல இடங்களில் நிலத்தடி நீர் கடினமானது. காரணம் தெளிவாகாத நாட்பட்ட சிறுநீரக நோய் காணப்படும் மாவட்டங்களில் வவுனியாவும் ஒன்று என்பதால் வடிகட்டிய தண்ணீர் விற்கும் நிலையங்கள் இப்போது பரவலாக இருக்கின்றன. நல்ல கடைகள் அங்கிருந்து கலன்களில் எடுக்கின்றன. இரண்டு நாள் வந்து போகிறவருக்குக் கடினநீரால் பெரிய வில்லங்கம் இல்லை. அவருக்கு வயிற்றைக் கலக்குவது கொதிக்காத தண்ணீர். ‘கொதிச்சாறின தண்ணி’ என்று கேட்டால் தருவார்கள், இல்லாவிட்டால் மூடி உடைக்காத போத்தல்.

பிள்ளையள் உறைப்புத் தின்னாதுகள். அதுகளுக்கு என்ன வாங்குறது?

பிட்டும் கதலி வாழைப்பழமும். இளஞ்சூட்டுப் பிட்டில் பழத்தைப் பிசைந்து, தேங்காய்ப்பூவும் ஒரு கரண்டி சீனியும் போட்டால் கறி தேவையில்லை. மாம்பழக் காலத்தில் மாம்பழம். அப்பம் சுடுகிற கடையென்றால் பாலப்பம் கேளுங்கள், ஆனால் பல கடைகளில் அப்பத்தாச்சி பின்னேரந்தான் அடுப்பேறும். சொதியை உறைப்பில்லை என்று நினைத்துக் கொடுக்க வேண்டாம். பச்சை மிளகாய் அதற்குள் கொதித்திருக்கிறது. மிளகாயைத் தூக்கிப் போட்டாலும் உறைப்புப் பாலில் நிற்கும்.

பஸ் பதினைஞ்சு நிமிசந்தான் நிக்கும் எண்டு சொல்லிச்சினம். அதுக்குள்ள சாப்பிட முடியுமோ?

முடியும், சுடச் சொல்லுகிற எதையும் கேட்காவிட்டால். தோசை, முட்டை றொட்டி, அப்பம் மூன்றையும் மறந்துவிடுங்கள். இடியப்பம், பிட்டு, வடை, தேத்தண்ணி. இறங்கியவுடன் காசைக் கையில் எடுத்து வையுங்கள். கடைசி இரண்டு நிமிடம் எல்லாரும் முதலாளியின் மேசையில்தான் நிற்பார்கள். உங்கள் நடத்துநர் எந்த மேசையில் இருக்கிறார் என்று பார்த்து வைப்பது அதைவிட நல்லது. அவர் கை கழுவ எழும்பினால் நீங்களும் எழும்பலாம்.

முறிகண்டியில் நிற்பது வேறு. அது பிள்ளையாருக்காக நிற்கிற நிறுத்தம். கும்பிட்டு, கச்சான் வாங்கி ஏறத்தான் நேரம் காணும். சாப்பாட்டை அதற்கு நம்பி இருக்க வேண்டாம்.

தனியாப் பொம்பிளைப் பிள்ளை போய் இருந்து சாப்பிடலாமோ?

சாப்பிடலாம். பஸ் நிலையத்தை ஒட்டிய கடைகளில் ஆண்கள் கூட்டம் கூடுதல் என்பதால் சிலருக்குக் கூச்சமாக இருக்கும். அம்மாச்சியில் சமைப்பதும் விற்பதும் பெண்கள், பிள்ளைகளோடு வருகிறவர்களும் அதிகம். அங்கே யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. மேலே சொன்ன ஒன்பதுக்கும் பத்துக்கும் இடைப்பட்ட நேரம் இதற்கும் தோதானது.

பார்சல் கட்டினா வீட்ட போகேக்க எல்லாம் ஒட்டிப்போகுது. என்ன செய்யலாம்?

ஆவி அடங்காமல் மூடுவதுதான் காரணம். இடியப்பத்தை இரண்டு மூன்று நிமிடம் ஆற விட்டுக் கட்டச் சொல்லுங்கள். வாழையிலை வைத்துக் கட்டினால் ஒட்டாது. சொதிக்கு வீட்டிலிருந்து மூடியுள்ள தூக்குச் சட்டி கொண்டுபோங்கள். கொதிக்கிற சொதியைச் சொப்பின் பையில் முடிந்து வாங்குவது பழகிப்போனாலும் நல்ல பழக்கமில்லை. பொலித்தீன் சாப்பாட்டுத் தாளுக்கு 2017இலிருந்தே தடை. 2023 ஒக்டோபரிலிருந்து ஒருமுறை பாவிக்கும் பிளாஸ்ரிக் கரண்டி, கோப்பை, உறிஞ்சிகளுக்கும், பிளாஸ்ரிக் இடியப்பத் தட்டுக்கும் தடை வந்தது. இடியப்பம் பிரம்புத் தட்டில் அவிந்தால் அடியில் தண்ணீர் தேங்காது, அதனாலும் ஒட்டுவது குறையும்.

வீட்டில் சூடாக்க: பிட்டுக்குக் கொஞ்சம் தண்ணீர் தெளித்து நீத்துப்பெட்டியில் நாலு நிமிடம். சொதியைக் குறைந்த நெருப்பில், கிளறியபடி, கொதிக்க முதல் இறக்க வேண்டும்; காரணம் சொதிக் கேள்வியில் இருக்கிறது.

முப்பது பேருக்குக் காலைச் சாப்பாடு சொல்லவேணும். எவ்வளவு சொல்லுறது?

முதல்நாள் மத்தியானத்துக்கு முன் சொல்லுங்கள். மா வறுப்பதும் தேங்காய் எடுப்பதும் அன்று பின்னேரம் நடக்க வேண்டியவை. வளர்ந்தவருக்கு எட்டு முதல் பத்து இடியப்பம் என்று வைத்தால் முந்நூறு. பிட்டும் சேர்ந்தால் இருநூறு காணும். சொதி ஆளுக்கு 200 மில்லிலீற்றர், ஆக 6 லீற்றர். அதற்கு மேல் ஒரு லீற்றர் சேர்த்துச் சொல்லுங்கள், முதலில் முடிவது எப்போதும் அதுதான். சம்பலுக்குப் பெரிய தேங்காய் ஒன்று எட்டுப் பேருக்கு வரும், நாலு தேங்காய். பாதிக் காசு முற்பணமாகக் கொடுப்பது முறை.

கொண்டுவந்து தரும் நேரத்தைச் சொல்லும்போது ‘எட்டு மணிக்கு’ என்று மட்டும் சொல்லாமல், சாப்பிடப் போகிற நேரத்தையும் சொல்லுங்கள். ஒன்பதரைக்குத்தான் சாப்பாடு என்று தெரிந்தால் கடைசி இடியப்பத்தை எட்டே முக்காலுக்கு இறக்குவார்கள்.

எந்தெந்த நாளில கடை பூட்டு?

கந்தோர்ப் பக்கத்துக் கடைகள் ஞாயிறு பூட்டியிருக்கும், பஸ் நிலையக் கடைகள் திறந்திருக்கும். போயா நாளில் இறைச்சிக் கடைகள் பூட்டு என்பதால் இறைச்சிக் கறி இராது. முஸ்லிம் கடைகள் வெள்ளி மத்தியானம் தொழுகைக்குப் பூட்டும், நோன்பு மாதத்தில் பகலில் திறவாது. வைகாசியில் வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் பொங்கலை ஒட்டி முல்லைத்தீவுப் பக்கம் மச்சம் (மீன், இறைச்சி) தேடி அலைய வேண்டாம்.

காட் எடுப்பினமோ? ரிப்ஸ் வைக்கவேணுமோ?

காசு கொண்டுபோங்கள், அதுவும் சில்லறையாக. காலை ஏழு மணிக்கு ஐயாயிரம் ரூபாத் தாளை நீட்டினால் முதலாளி முகம் கறுக்கும். ரிப்ஸ் கட்டாயமில்லை, மிச்சச் சில்லறையைத் தம்பியிடம் விட்டால் சந்தோசப்படுவார். கிளிநொச்சி, வவுனியா நகரங்களில் புதிதாக வந்த கஃபேகளில் சேவைக் கட்டணம் சேர்த்திருக்கிறார்களா என்று பில்லைப் பாருங்கள்.

சாப்பாடு பழுதெண்டா ஆரிட்டச் சொல்லுறது?

முதலில் கடையில், உடனே. பாதிக்கு மேல் சாப்பிட்டுவிட்டுச் சொன்னால் எடுபடாது. புளித்த சம்பல், கல்லுப் பட்ட பிட்டு என்றால் மாற்றித் தருவார்கள், சண்டை தேவையில்லை. சமையலிடத்துச் சுத்தம், கெட்ட மீன், சாப்பிட்ட பலருக்கும் வயிற்றோட்டம் என்றால் அது பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் வேலை. பிரதேச சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் முறையிடலாம். 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டம் அவருக்குக் கடையைப் பரிசோதிக்க அதிகாரம் தருகிறது. சாப்பாட்டின் மிச்சத்தை எறியாமல் வைத்திருங்கள். விலையில் ஏமாற்று என்றால் நுகர்வோர் அதிகாரசபைக்கு 1977 என்ற இலக்கத்தில் சொல்லலாம்.

மிஞ்சின பிட்டைத்தான் கொத்தாப் போடினமாமே. உண்மையோ?

உண்மை, அதில் ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை. சுடச்சுட அவித்த பிட்டைத் தகட்டில் போட்டால் மசிந்து களியாகிவிடும். ஆறி உதிர்ந்த பிட்டுத்தான் வெங்காயம், முட்டை, குழம்போடு சேர்ந்து கொத்துப்படும். காலையில் அவித்த பிட்டு அன்று பத்தரைக்குக் கொத்தாவது நல்ல சமையல். நேற்றுப் பின்னேரத்துப் பிட்டு என்றால் தேங்காய்ப்பூ புளித்திருக்கும், அதை மறைக்க மிளகாய்த்தூளும் சோசும் கூடும். கொத்தில் உறைப்பு மட்டுமே தெரிந்து தேங்காய் வாசம் தெரியாவிட்டால் சந்தேகப்படலாம். கொத்த முதல் ஒரு பிடி பிட்டை வாயில் போட்டுப் பார்க்கக் கேட்டாலும் தருவார்கள்.

‘முடிஞ்சுது’ எண்டு சொன்னா உண்மையா முடிஞ்சுதோ?

மூன்று விதமாக இருக்கலாம். உண்மையாகவே முடிந்தது ஒன்று. அடுத்த தட்டு அவிந்துகொண்டிருக்கிறது, ஆனால் உங்களுக்குப் பொறுமை இராது என்று அவர்களே தீர்மானித்தது இரண்டு. நாளாந்தம் வருகிற வயல்காரர் நாலு பேருக்கு எடுத்து மூடி வைத்திருக்கிறார்கள், அதைத் தொடமாட்டார்கள் என்பது மூன்று.

‘அடுத்தது அவியுதோ அக்கா?’ என்று கேளுங்கள். ‘ஓம், பத்து நிமிசம்’ என்றால் ஒரு பிளேன்டீ சொல்லிவிட்டு இருக்கலாம், சீனி தனிய. ‘இல்லை, இனி மத்தியானந்தான்’ என்றால் முடிந்ததுதான். மூன்றாவது வகையென்றால் பதிலே வராது, சிரிப்பு மட்டும் வரும். பிட்டும் நேற்றையக் குழம்பும் இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள்.